கச்சான் காற்றும் எட்டாம் குழியும்

கடலோரத்தில் கோல்ஃப் ஆடுகிறவன் என்று சொன்னால் நாகர்கோவிலில் முதலில் வரும் கேள்வி, “ஒரு தடவ ஆட எவ்வளவு ஆகும்?” என்பதுதான். பணக்காரன் விளையாட்டு என்று முன்பே முடிவு செய்துவிட்டுக் கேட்கிற கேள்வி. பதில் சொன்னால் அந்த முடிவு இன்னும் உறுதியாகும். அதனால் நான் மெல்லப் பேச்சைக் காற்றின் பக்கம் திருப்பிவிடுவேன். காற்றைப் பற்றி எங்கள் மாவட்டத்தில் யாரிடமும் பேசலாம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் பஸ் ஜன்னலோடு மல்லுக்கட்டாதவர்கள் இங்கே யார்? முப்பந்தலில் காற்றாலைகளை வரிசை வரிசையாக நட்டிருப்பது சும்மாவா?

விடுதிகளின் விளம்பரப் படங்களில் கடல் நீலமாக, அசையாமல் கிடக்கும். பச்சைப் புல்வெளி, வெள்ளை மணல், குழியில் நட்ட கொடி. அந்தக் கொடித்துணியைக் கவனித்துப் பாருங்கள், தொங்கிக்கொண்டிருக்கும். படம் எடுத்தவர் விடியற்காலையில் வந்து எடுத்துவிட்டுப் போயிருப்பார். பத்து மணிக்கு மேல் அதே இடத்தில் நின்றால் தொப்பி தலையில் நிற்காது. கடலோர மைதானத்தைக் கடினமாக்குவது நீளம் இல்லை, தண்ணீர் இல்லை, மணல்குழியும் இல்லை. காற்றுதான். மற்றவை எல்லாம் காற்று தள்ளிய பந்து போய் விழுவதற்கென்று வைத்த இடங்கள்.

எனக்குக் கடியப்பட்டணம் பக்கத்துக் கடற்கரை. அப்பா காலத்தோடு கடல்தொழில் முடிந்து, நான் கப்பல் என்ஜின் படித்து மஸ்கட்டுக்குப் போனேன். அங்கே மேலதிகாரி ஒருவர், ஆட்டத்துக்கு நாலாவது ஆள் கிடைக்காமல் என்னை இழுத்துப் போனதில் தொற்றிக்கொண்ட பழக்கம் இது. ஊருக்கு வந்தால் திருவனந்தபுரம் கவடியாரில் இருக்கிற ஒன்பது குழி மைதானத்துக்கு எப்போதாவது போவதுண்டு. மரங்கள் நிறைந்த, பழைய, அழகான இடம். ஆனால் அங்கே கற்றுக்கொண்டதை வைத்துக்கொண்டு கடலோரத்தில் ஆட முடியாது. மரத்தடியில் காற்று வந்தால் விசிறிக்கொள்ள உதவும், அவ்வளவுதான்.

மஸ்கட்டில் நான் ஆடுவது அல் மௌஜ். ஆஸ்திரேலியாவின் கிரெக் நார்மன் வடிவமைத்து, 2012-இல் திறந்த மைதானம். பதினெட்டு குழி, முதல் அடி அடிக்கிற இடமான டீக்களில் கடைசியிலிருந்து அளந்தால் 7,300 கஜத்துக்கு மேல் நீளம். 2018 முதல் 2020 வரை ஓமன் ஓப்பன் இங்கேதான் நடந்தது. பல குழிகள் (டீயிலிருந்து குழி வரைக்குமான மொத்தப் பாதைக்கும் குழி என்றுதான் பெயர்) கடலை ஒட்டியே போகும். காலையில் மலைப்பக்கத்திலிருந்து காற்று மெல்ல வரும். தரை சூடேறச் சூடேற அது அடங்கி, செத்த நேரம் ஒன்றுமே இருக்காது. பிறகு கடல்காற்று எழும். எழுந்தால் அன்றைக்கு அது வைத்ததுதான் சட்டம். காலையில் எட்டாம் நம்பர் அயர்ன் என்கிற இரும்புக் கட்டையால் எட்டிய கிரீனுக்கு, அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்கு, மதியம் ஐந்தாம் நம்பர் தேவைப்படும். நம்பர் குறையக் குறைய தூரம் கூடும். அதே கட்டை, அதே கை. பந்து மட்டும் யாரோ பிடித்து நிறுத்தியதுபோல நடுவானில் நின்று, பின்னால் சரிந்து, பங்கர் என்கிற மணல்குழியில் விழும்.

காற்று பார்ப்பதற்கு அங்கே சொல்லிக் கொடுத்த வித்தை, உலகம் முழுக்கச் சொல்லிக் கொடுப்பதுதான்: இரண்டு புல்லைக் கிள்ளி முகத்துக்கு நேரே தூக்கிப் போடு, அது போகிற திசையைப் பார். நானும் புல் கிள்ளிக்கொண்டே இருந்தேன்.

இதை ஊரில் அம்மாவின் தம்பியிடம், அதாவது மாமாவிடம், சொன்னதிலிருந்துதான் எனக்கு இந்த ஆட்டம் உண்மையில் தொடங்கியது. மாமா கட்டுமரத்தில் ஆரம்பித்து, பிறகு என்ஜின் வைத்த வள்ளத்துக்கு மாறி, முட்டு தேய்ந்து வீட்டோடு ஆனவர். ஆனி ஆடி மாதம். கச்சான் பிடித்து வீசிக்கொண்டிருந்தது. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுத் தடைக்காலம். குளச்சலில் படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன. (எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம். கிழக்குக் கரையைச் சேர்ந்த சின்னமுட்டம் பகுதிக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஒரே மாவட்டத்தில் ஒரு பக்கம் படகு இறங்கும்போது இன்னொரு பக்கம் கட்டிப் போடுவார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டம்.) சாயங்காலம் கோயில் ஃபுட்பால் கிரவுண்டில் பையன்கள் வருவதற்கு முன் கொஞ்ச நேரம் கிடைக்கும். பயிற்சிக்கென்று விற்கும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்துகளைக் கொண்டுபோய் அடிப்பேன். மாமா சாயா டம்ளரோடு சுவரில் உட்கார்ந்து பார்ப்பார்.

நான் புல்லைக் கிள்ளிப் போட்டதும் சிரித்துவிட்டார்.

“லேய் மக்களே, புல்லப் பறிச்சுப் போட்டா புல்லு எங்க போவுதுன்னுதான் தெரியும். ஒனக்க பந்து அங்கயா போவுது?”

“வேற எப்பிடி மாமா பாக்கது?”

“மேல பாரு. தெங்குக்க மண்ட எங்கோட்டு சாயுது? பொறவு கடலப் பாரு. வெள்ள எங்கோட்டு ஒடையுது? இங்க சுவரு இருக்கு, கோயிலு இருக்கு. கீழ காத்து சுத்திக்கிட்டுக் கெடக்கும். அத நம்பாத.”

இதில் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்று பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். தொழில்முறை ஆட்டக்காரர் அடிக்கும் பந்து உச்சத்தில் ஏறக்குறைய 30 மீட்டர் உயரம் போகும். என்னைப் போன்றவன் அடித்தால் அதைவிடக் குறைவு. ஒரு நெட்டைத் தென்னையின் மண்டை 20 மீட்டருக்கு மேல் இருக்கும். அதாவது என் பந்து பெரும்பாலான நேரம் பறப்பது தென்னையின் மண்டை இருக்கிற உயரத்தில். முகத்துக்கு நேரே விட்ட புல் காட்டுவது தரைக்காற்று. தரையில் புல், சுவர், மேடு எல்லாம் உரசி காற்றின் வேகம் குறைந்துவிடும். உயரம் போகப் போக வேகம் கூடும். கிரீனில் இருக்கும் கொடியும் இரண்டு மீட்டர் உயரத்துக் கதையைத்தான் சொல்லும். மேட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கிரீனில் கொடி தூங்கிக்கொண்டிருக்க, மேலே காற்று பந்தைத் தூக்கிக்கொண்டு போவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

காற்றைத் தெரியும் என்று எங்கள் கரையில் யாரும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்வதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2017 நவம்பர் 30-க்குப் பிறகு அது இன்னும் குறைந்துவிட்டது. ஓகி புயல் எத்தனை அனுபவசாலிகளைக் கொண்டுபோனது என்று ஊர் ஊராகத் தெரியும். மாமாவும் காற்றைப் பற்றி விளையாட்டாகப் பேச ஆரம்பித்தது இந்தக் கோல்ஃப் விவகாரத்தில்தான். இதில் தவறினால் போவது ஒரு பந்து.

ஜூலையில் தி ஓப்பன் வரும். 1860-இல் ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கில் தொடங்கிய போட்டி, இன்றுவரை கடலோர மணல்மேட்டு மைதானங்களில் மட்டுமே நடத்துகிறார்கள். நம் கணக்கில் மதியம் தொடங்கி நடுராத்திரி வரை ஓடும். இங்கே கச்சான் கூரை ஓட்டைத் தூக்க, அங்கே டி.வி.யில் அவர்கள் குடையைப் பிடிக்க முடியாமல் தடுமாறுவார்கள். அந்த வருடம் 2024, ராயல் ட்ரூன் மைதானம். மாமா ஆட்டக்காரர்கள் யாரையும் பார்க்கவில்லை. கேமரா பின்னால் போகும்போது தெரிகிற கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ட்ரூனில் முதல் பாதி கடலோரமாக ஒரே திசையில் போய், இரண்டாம் பாதி அப்படியே திரும்பி வரும். பழைய ஸ்காட்டிஷ் மைதானங்கள் பலவும் இப்படித்தான். வழக்கமான காற்றில் போகும்போது பின்காற்று, வரும்போது எதிர்காற்று. முதல் ஒன்பது குழியில் சேர்த்து வைத்ததை அடுத்த ஒன்பதில் செலவழித்துக்கொண்டே வீடு வந்து சேர வேண்டும். நான் விளக்கி முடிப்பதற்குள் மாமா, “பாய் விரிச்சுப் போறது யாரும் போலாம். திரும்பி வாறத மொதல்லயே நெனச்சுக்கிட்டுப் போனாத்தான் கர” என்று முடித்துவிட்டார்.

அந்த மைதானத்தின் எட்டாம் குழிக்குத் தபால்தலை என்று பட்டப்பெயர். கிரீன் அவ்வளவு சின்னது. அட்டையில் 123 கஜம், பார் 3, அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டிய குழி. ஓப்பன் நடக்கும் மைதானங்களிலேயே குட்டையான குழி. “இது நம்ம கோயில்ல இருந்து குருசடி வர கூட இல்லியே” என்றார் மாமா. இல்லைதான். ஆனால் 1950-இல் ஹெர்மன் டிஸ்ஸிஸ் என்கிற ஜெர்மன் அமெச்சூர் அந்தக் குழியை முடிக்க 15 அடி எடுத்துக்கொண்டார். கிரீனின் இந்தப் பக்க மணலிலிருந்து அந்தப் பக்க மணலுக்கும், அங்கிருந்து மறுபடி இங்குமாகப் போய்வந்தார். 1973-இல் அதே குழியில் 71 வயது ஜீன் சாரசென் ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் போட்டார். அறுபது வயதில் நாம் சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறோம். அதைச் சொன்னால் மாமாவுக்குக் கோபம் வரும் என்பதால் சொல்லவில்லை.

குட்டைக் குழிதான் காற்றில் பயங்கரம் என்பது வினோதமாகத் தோன்றும். காரணம் எளிது. நீளமான குழியில் முதல் அடி கொஞ்சம் விலகினாலும் அடுத்த அடியில் சரிக்கட்டலாம். குட்டைக் குழியில் கையில் இருப்பது முகம் மலர்ந்த வெட்ஜ் கட்டை. அது பந்தை வானத்துக்கு அனுப்பும், நிறைய ஸ்பின் கொடுக்கும். அந்த ஸ்பின்தான் எதிர்காற்றில் பந்துக்கு எமன்.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பல வருடம் ஆடுகிறவர்களும் இதில் தடுமாறுகிறார்கள். கோல்ஃப் பந்தின் எடை அதிகபட்சம் 45.93 கிராம், விட்டம் குறைந்தபட்சம் 42.67 மில்லிமீட்டர். மேலே நூற்றுக்கணக்கான சிறு பள்ளங்கள். பின்பக்கமாகச் சுழன்றுகொண்டே போகும் பந்தை அந்தப் பள்ளங்களும் காற்றும் சேர்ந்து மேலே தூக்கும். தூக்குகிற விசையும் இழுத்துப் பிடிக்கிற விசையும் பந்தின் தரைவேகத்தைப் பொறுத்தவை அல்ல. காற்றோடு ஒப்பிட்ட வேகத்தைப் பொறுத்தவை, அதுவும் அந்த வேகத்தின் வர்க்கத்தில் கூடுபவை. எதிர்காற்றில் ஒப்பு வேகம் எகிறும். பந்து மேலே மேலே ஏறும், பிறகு நிற்கும், பிறகு பொத்தென்று விழும். பயந்துபோய் நாம் இன்னும் ஓங்கி அடிப்போம். ஓங்கி அடித்தால் ஸ்பின் கூடும். ஸ்பின் கூடினால் இன்னும் ஏறும்.

ஆட்டக்காரர்கள் வைத்திருக்கிற வாய்ப்பாடு இது: மணிக்கு 30 கிலோமீட்டர் சொச்சம் எதிர்காற்று அடித்தால் 150 கஜத்தை 180 என்று நினைத்துக்கொள். அதே காற்று பின்னால் இருந்தால் 135 என்று நினைத்துக்கொள். எதிர்காற்று எடுத்துக்கொள்வதில் பாதியைத்தான் பின்காற்று திருப்பித் தரும். எனவே வழி ஒன்றுதான். இரண்டு மூன்று நம்பர் குறைந்த, தூரம் கூடிய கட்டையை எடு, பிடியைக் கொஞ்சம் கீழே இறக்கு, முக்கால் வீச்சில் மெதுவாக அடி, முடிக்கும்போது கையை மார்புக்கு மேலே கொண்டுபோகாதே. பந்து தாழ்வாகப் போய், தரையில் விழுந்து, உருண்டு சேரட்டும். அழகாக இருக்காது. பக்கத்தில் நிற்பவர்கள் ‘என்ன அடி இது’ என்பதுபோலப் பார்ப்பார்கள்.

பக்கக்காற்றுக்கு மாமாவிடம் எடுத்த பாடம் வேறு. நானெல்லாம் கொடியைப் பார்த்துக் குறி வைத்து, காற்றுக்கு எதிராகப் பந்தை வளைத்து அனுப்ப முயல்வேன். மாமா அதைக் காற்றோடு சண்டை என்றார். கரை பிடிக்கும்போது நீரோட்டமும் காற்றும் தள்ளுகிற தள்ளலைக் கணக்கில் வைத்து, போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு மேல்கையில் ஏதாவது அடையாளத்தை எடுத்துக்கொண்டு வருவார்களாம். ஒரு மலையுச்சியும் ஒரு கோயில் கோபுரமும் ஒரே நேரில் வருவதைப் பார்த்துக் கடலில் இடம் குறிக்கிற பழக்கம் உள்ளவர்கள் இல்லையா. “கொடிய மற. காத்து வாற பக்கமா ஒரு மரத்தப் பாத்துக்கோ. அதுக்கு நேரா விடு. மிச்சத்த அது கொண்டு சேக்கும்.” கோல்ஃப் புத்தகங்களும் இதையே சொல்கின்றன, இவ்வளவு சுருக்கமாக அல்ல.

அல் மௌஜில் கடலோரப் பார் 3 ஒன்றில் இதைச் செய்து பார்த்தேன். இடப்பக்கத்திலிருந்து கடல்காற்று பிடுங்கிக்கொண்டு வந்தது. கிரீனுக்கு இடப்பக்கம் கற்கள், அதற்கப்பால் தண்ணீர். அந்தக் கற்களின் மேல் குறி வைத்து அடிப்பதற்குக் கை வரவே வராது. உடம்பில் ஒவ்வொரு நரம்பும் ‘வலது, வலது’ என்று கத்தும். கூட ஆடிய மலையாளி நண்பர் முந்தி அடித்தார். நேராகக் கொடிக்கு வைத்தது வலப்பக்க மணலில் போய்ப் புதைந்தது. நான் கடலுக்கு மேலே அனுப்பினேன். பந்து கடலின் மேலேயே வெகுதூரம் போயிற்று. நண்பர் “போச்சு” என்றார். பிறகு அது யாரோ கையைப் பிடித்துக் கூட்டி வருவதுபோல உள்ளே வந்து கிரீனின் முன்பகுதியில் விழுந்து ஓடியது. கிரீனில் இரண்டு தடவை தட்டி உருட்டியதில் பார். அந்த ஆட்டத்தின் மற்ற பதினேழு குழிகளைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

விடுதி மைதானங்களிலேயே பேர்பெற்ற இரண்டும் இந்தக் காற்றால்தான் பேர் எடுத்தவை. கலிபோர்னியாவின் பெபிள் பீச், 1919-இல் திறந்தது. அதன் ஏழாம் குழி நூறு கஜத்துக்குச் சற்றே அதிகம். பாறை முனையின் மேலிருந்து கீழே கடலை நோக்கி அடிப்பது. சாதாரண நாளில் வெட்ஜைத் தட்டிவிட்டால் போதும். 1992 யு.எஸ். ஓப்பனின் கடைசி நாளன்று காற்று அடித்த அடியில் டாம் கைட் அங்கே ஆறாம் நம்பர் அயர்னை எடுத்தார். அப்படியும் கிரீனைத் தவறவிட்டு, ஓரப் புல்லிலிருந்து தட்டியது நேராகக் குழிக்குள் போய்ப் பேர்டி ஆனது, அதாவது பாருக்கு ஒன்று குறைவு. அந்தக் கோப்பை அவருக்கே.

இன்னொன்று தென் கரோலினாவில் கியாவா தீவின் ஓஷன் கோர்ஸ். அமெரிக்காவும் ஐரோப்பாவும் அணிகளாக மோதும் 1991 ரைடர் கோப்பைக்காகப் பீட் டை கட்டியது. மணல்மேடுகளுக்குப் பின்னால் ஒளிந்தாற்போலத்தான் முதலில் திட்டம். அவருடைய மனைவி ஆலிஸ், அவரும் ஆட்டக்காரர், வடிவமைப்பாளர், எல்லாக் குழியிலிருந்தும் கடல் தெரியும்படி தரையை உயர்த்தச் சொன்னார். உயர்த்தினார்கள். கடல் தெரிந்தது. கூடவே மேடு மறைத்திருந்த காற்றும் வந்து சேர்ந்தது. காட்சிக்கான விலையை ஆட்டக்காரர்கள் இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் போட்டியில் கணக்கு குழிக்குக் குழி யார் ஜெயித்தார் என்பதுதான். 1991-இன் கடைசி நாளில் அமெரிக்காவின் மார்க் கால்கவேக்கியா நாலு குழி மிச்சமிருக்க நாலு குழி முன்னிலையில் இருந்தார். தோற்கவே முடியாத நிலை. நாலையும் பறிகொடுத்தார். பதினேழாம் குழியில் தண்ணீரின் மேலே அடிக்க வேண்டிய பந்து தண்ணீருக்குள் போனது. ஆட்டம் சமனில் முடிந்ததும் கடற்கரைக்குப் போய் உடைந்து அழுதார். அவருடைய அணி கடைசியில் ஜெயித்துவிட்டது என்பது வேறு கதை. 2021-இல் அதே மைதானத்தில்தான் ஐம்பது வயது ஃபில் மிக்கெல்சன் பி.ஜி.ஏ. பட்டத்தை வென்றார். பெரும் பட்டங்களில் அவ்வளவு வயதானவர் அதுவரை ஜெயித்ததில்லை. காற்று வயதைப் பார்ப்பதில்லை, சில நேரம் அனுபவத்துக்குச் சலுகை கொடுக்கிறது என்று எனக்கு ஒரு நம்பிக்கை. ஐம்பதை நெருங்குகிறவனுக்கு இப்படி ஒரு நம்பிக்கை தேவைப்படுகிறது.

கிரீனுக்கு வந்துவிட்டால் காற்று விட்டுவிடும் என்று நினைக்க வேண்டாம். 2015-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த ஓப்பனில் சனிக்கிழமை காற்று நின்றிருந்த பந்துகளையே நகர்த்த ஆரம்பித்து, ஆட்டத்தைப் பத்து மணிநேரத்துக்கும் மேலாக நிறுத்தி வைத்தார்கள். போட்டி திங்கள்கிழமைதான் முடிந்தது. இதற்கென்று சட்டமும் உண்டு. நிற்கும் பந்தைக் காற்று நகர்த்தினால் நகர்ந்த இடத்திலிருந்தே ஆட வேண்டும். நீங்கள் ஒருமுறை பந்தை எடுத்துத் துடைத்து மறுபடி வைத்த பிறகு நகர்ந்தால், பழைய இடத்துக்கே கொண்டுபோய் வைக்க வேண்டும். எனவே காற்று நாளில் கிரீனுக்கு வந்ததும் முதல் வேலை, அடையாளம் வைத்துப் பந்தை எடுத்து, மறுபடி வைப்பது. செலவில்லாத காப்பீடு.

மணல் ஆட்டத்துக்குப் பயிற்சி எடுக்க எங்கள் மாவட்டத்தைவிட நல்ல இடம் இல்லை. சொத்தவிளையில் ஆள் இல்லாத காலை நேரம் போனால் போதும், மைல் கணக்கில் பங்கர். வெட்ஜின் முகத்தை நன்றாகத் திறந்து, பந்துக்கு ஒன்றிரண்டு அங்குலம் பின்னால் மணலை அடிக்க வேண்டும். கட்டை பந்தைத் தொடவே கூடாது, மணல்தான் பந்தைத் தூக்கி வெளியே போட வேண்டும். சொத்தவிளையின் வெளிறிய மணலில் இது அழகாக வரும். மணவாளக்குறிச்சிப் பக்கம் போனால் கதை மாறும். அது இல்மனைட், மோனசைட், சிர்க்கான், கார்னெட் எல்லாம் கலந்த கறுப்பு மணல். அரசின் மணல் ஆலை அங்கே இருப்பதே இதற்காக. சாதாரண மணலின் அடர்த்தி 2.65 என்றால் இல்மனைட்டுக்கு 4.7 அளவில். ஈரமான கறுப்பு மணலில் கட்டை உள்ளே இறங்காமல் தட்டி எழும்பி, பந்தின் வயிற்றில் அடித்துவிடும். அங்கே பழகினால் எந்த நாட்டு பங்கரும் பஞ்சு மெத்தைதான். மேட்டுப் பக்கம் மட்டும் பந்தை விடக் கூடாது. அடும்பங்கொடியில் விழுந்தால் எடுத்துவிடலாம். இராவணன் மீசையில் விழுந்தால் கையைக் குத்திக் கிழித்துவிடும். மணலை அங்கே பிடித்து வைத்திருப்பதே அந்த இரண்டும்தான், மிதித்துக் கெடுக்கவும் கூடாது. ஸ்காட்லாந்து மேடுகளில் இதே வேலையை மாரம் என்கிற புல் செய்கிறது, அதில் விழுந்த பந்துக்கும் இதே கதி.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அத்தை ஒரு நாள், “இதெல்லாம் வெள்ளக்காரத் தொரமாருக்க வெளையாட்டு. ஒங்களுக்கு எதுக்கு?” என்றார். அத்தை தலையில் கடவப்பெட்டி சுமந்து மீன் விற்றவர். அவரிடம் சொல்வதற்கென்றே நான் ஒரு கதை வைத்திருந்தேன். எடின்பரோ பக்கத்தில் மசல்பரோ என்று ஒரு கடற்கரை ஊர். அங்கத்து கோல்ஃப் கிளப்பின் 1810 டிசம்பர் குறிப்பேட்டில் ஒரு தீர்மானம் இருக்கிறது: வரும் புத்தாண்டுப் போட்டியில் ஜெயிக்கிற மீன்காரப் பெண்ணுக்குப் புது மீன்கூடை ஒன்றும் சால்வை ஒன்றும் பரிசு. அடுத்து வருபவர்களுக்குப் பட்டுக் கைக்குட்டை. பெண்கள் கோல்ஃப் போட்டி என்று எழுத்தில் கிடைக்கிற மிகப் பழைய செய்திகளில் ஒன்று இது. ஆடியது துரைசானிகள் இல்லை, கூடை சுமந்தவர்கள். செயின்ட் ஆண்ட்ரூஸில் பழைய காலத்துக் கேடிகளில், அதாவது ஆட்டக்காரர்களின் பை தூக்குகிறவர்களில், பலர் மீன்பிடிக்கிறவர்கள், கடலுக்குப் போக முடியாத நாளில் பை தூக்கக் கரைக்கு வந்தவர்கள். விடுதியும் வரவேற்பறையும் பிற்காலத்தில் வந்து சேர்ந்தவை. உழவுக்கு லாயக்கில்லாத, ஆடு மேய்கிற மணல்மேட்டில் கரைக்காரர்கள் ஆடிய ஆட்டம்தான் இது.

அத்தை, “கூட மட்டுந்தானா? ரூவா ஒண்ணும் குடுக்கலியா?” என்று கேட்டார்.

நாகர்கோவிலில் இடம் வாங்கி விற்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். நான் கோல்ஃப் ஆடுகிறேன் என்று தெரிந்ததிலிருந்து அவருக்கு ஒரே கனவு: நம்ம கரையில் ஒரு பெரிய விடுதி, பதினெட்டு குழி மைதானம், வெளிநாட்டுக்காரர்கள். முட்டத்துச் செம்மண் மேட்டையும் பாறைகளையும் காட்டி, “இதவிடவா அந்தப் பெபிள் பீச்சு?” என்பார். காட்சியில் அவர் சொல்வது சரிதான். கலங்கரை விளக்கத்தடியில் நின்று கடலைப் பார்க்கிற போதெல்லாம், இந்த முனையிலிருந்து அந்தப் பாறைக்கு ஒரு பார் 3 என்று என் மனமும் போட்டுப் பார்த்திருக்கிறது. ஆனால் பதினெட்டு குழிக்குக் குறைந்தது 50, 60 ஹெக்டேர் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் எங்கள் மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். சராசரியே அப்படி என்றால் 60 ஹெக்டேரில் 600 பேருக்கு மேல். கடற்கரை ஊர்களில் வீட்டுச் சுவரோடு சுவர் ஒட்டிக் கிடக்கிறது, அங்கே இன்னும் பல மடங்கு. இருக்கிற கரையையும் கடல் தின்றுகொண்டிருக்கிறது. பாதிக் கரையைக் கல் போட்டுத்தான் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். கடலோர மைதானங்களுக்கும் இது புதிதில்லை. ஸ்காட்லாந்தில் மான்ட்ரோஸ் மைதானம், நானூறு வருடத்துக்கு மேல் ஆடிய இடம், டீ டீயாகக் கடலில் போய்க்கொண்டிருக்கிறது. நண்பரிடம் இதைச் சொன்னால் “நீ முன்னேற விடமாட்டே” என்கிறார். என் தீர்ப்பு இதுதான்: ஆடுவதற்கு மஸ்கட்டுக்கும் திருவனந்தபுரத்துக்கும் போய்க்கொள்கிறேன், முட்டம் முட்டமாகவே இருக்கட்டும்.

மாமா இந்த விவாதத்தில் கலந்துகொள்ளவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ட்ரூன் போட்டியின் கடைசி நாள் ராத்திரி, சாண்டர் ஷாஃப்லி பாரைவிட ஒன்பது அடி குறைவாக முடித்துக் கோப்பையை வாங்கிக்கொண்டிருக்கும்போது, திடீரென்று கேட்டார்:

“அதுல வல காயப் போட எடம் விடுவானா?”

செயின்ட் ஆண்ட்ரூஸைப் பற்றிச் சொன்னேன். அந்த மணல்மேடு ஊர்ச் சொத்து. 1552-இல் பேராயர் கொடுத்த சாசனத்தில், பந்தாட, மாடு மேய்க்க ஊராருக்கு உள்ள உரிமையை எழுதியே வைத்திருக்கிறார்கள். ஓடையில் துவைத்த துணியை அந்த மைதானத்துப் புல்லில்தான் பெண்கள் காயப் போட்டார்கள். இன்றைக்கும் பெரிய போட்டி இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கத்துப் பழைய மைதானத்தில் ஆட்டம் கிடையாது, ஊரார் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கலாம். முதல் குழியையும் பதினெட்டாம் குழியையும் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு பொதுப்பாதை போகிறது. ஆள் கடக்கிற வரைக்கும், உலகத்தின் எவ்வளவு பெரிய ஆட்டக்காரனும் கட்டையை ஊன்றிக்கொண்டு காத்து நிற்க வேண்டியதுதான்.

“ஞாயித்துக்கெழமை லீவா?” என்றார் மாமா. “அப்ப பூசைக்குப் போற ஊருதான். அப்பிடி ஒண்ணு வேலியில்லாமக் கெட்டச் சொல்லு ஒனக்க கூட்டாளிட்ட. பொறவு பாப்போம்.”

நண்பரிடம் சொன்னேன். வேலி இல்லாமல் எந்த வங்கியும் கடன் கொடுக்காது என்றார்.